ஸ்வீட் டிரிங்க்ஸும் குழந்தைங்க பல்லும்: புதுசா அப்பா அம்மா ஆனவங்க எங்கேருந்து ஆரம்பிக்கணும்

முதல் பல்லு எட்டிப் பாக்கற வயசுலேருந்து ஆறேழு வயசு வரைக்கும் குழந்தை வச்சிருக்கறவங்களுக்காக இதை எழுதறேன், அதுலயும் பல்லு விஷயத்தைப் பத்தி இதுவரைக்கும் பெருசா யோசிச்சுப் பாக்காதவங்களுக்கு. பெரிய பசங்க இருக்கற வீட்டுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

"பால் பல்லுதானே, எப்படியும் விழத்தானே போகுது"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, அதனால அந்தப் பேச்சை முதல்லயே முடிச்சுடறேன். பால் பல்லு மொத்தம் 20. முன்னாடி இருக்கறது ஆறு ஏழு வயசுல விழ ஆரம்பிக்கும், சரி, ஆனா பின்னாடி இருக்கற கடவாப்பல்லு 10 வயசு, 12 வயசு வரைக்கும் இருந்தாகணும். மூணு வயசுல அதுல சொத்தை விழுந்துச்சுன்னா இன்னும் ஏழெட்டு வருஷம் அந்தக் குழந்தை அந்தப் பல்லை வச்சுக்கிட்டுதான் மெல்லணும், தூங்கணும், படிக்கணும். வேற வழியில்லாம சீக்கிரமே பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்கு சாஞ்சு வந்துடும், அப்புறம் கீழேருந்து வரவேண்டிய நிரந்தரப் பல்லு இடம் கிடைக்காம கோணலா வரும். போதாக்குறைக்கு பால் பல்லோட எனாமல், அதாவது பல்லை வெளிய மூடியிருக்கற கெட்டியான ஓடு, பெரியவங்க பல்லை விட ரொம்ப மெல்லிசு, அதனால சொத்தை உள்ள நரம்பு வரைக்கும் போக அதிக நாள் எடுக்காது. போன செக்கப்ல சின்னப் புள்ளியா இருந்தது அடுத்த தடவை குழியா நிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் சொல்ல வர்றது முக்கியமா ஒண்ணுதான்: குழந்தை எவ்வளவு குடிக்குதுங்கறதை விட, எத்தனை தடவை குடிக்குது, எவ்வளவு நேரம் வாயில வச்சிருக்கு, எந்த நேரத்துல குடிக்குதுங்கறதுதான் பல்லுக்குப் பெரிய விஷயம். நிறைய பேரு அளவை மட்டும் பாக்கறாங்க, "ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் குடுக்கறேன்"னு நிம்மதியா இருக்காங்க, ஆனா அந்த ஒரு பாட்டிலை குழந்தை சாயங்காலம் பூரா கையில வச்சுக்கிட்டு சுத்துது.

ஏன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். எல்லார் வாயிலயும் பாக்டீரியா இருக்கு, அதுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒண்ணு சொத்தைக்கு முக்கியமான காரணம். சர்க்கரை வாய்க்குள்ள போனதும் இதுங்க அதைத் தின்னுட்டு ஆசிட் விடும். பல்லு மேல படிஞ்சிருக்கற அழுக்குப் படலத்துல சில நிமிஷத்துலயே பிஎச் சரசரன்னு இறங்கிடும் (பிஎச்ங்கறது ஆசிட்டை அளக்கற நம்பர், அது குறையக் குறைய ஆசிட் அதிகம்னு அர்த்தம்). சுமாரா 5.5க்குக் கீழ போச்சுன்னா எனாமல்லேருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு வெளிய வர ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் வந்து கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்டைத் தணிச்சு, போன தாதுவைத் திரும்பப் பல்லுலயே கொண்டு போய் வைக்கும், இதுக்கு அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும். 1940கள்லயே ஸ்டீஃபன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதை அளந்து கிராஃப் போட்டுட்டாரு, இன்னைக்கும் பல் மருத்துவம் படிக்கறவங்க அந்த கிராஃபைத்தான் படிக்கறாங்க.

இப்ப கணக்கு போடுங்க. ஒரு கிளாஸ் ஜூஸை சாப்பாட்டோட சேத்து அஞ்சு நிமிஷத்துல குடிச்சு முடிச்சா ஒரு தடவை ஆசிட் ஏறும், ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடும். அதே கிளாஸை சிப்பர்ல ஊத்திக் குடுத்து, குழந்தை விளையாடிக்கிட்டே பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய்னு ரெண்டு மணி நேரம் இழுத்துச்சுன்னா, எச்சில் வேலைய ஆரம்பிக்கும்போதெல்லாம் அடுத்த வாய் வந்து விழும், அந்த ரெண்டு மணி நேரமும் அதுக்கு மேல ஒரு அரை மணி நேரமும் பல்லு ஆசிட்லயே ஊறுது. குடிச்ச சர்க்கரை அதே அளவுதான், ஆனா சேதம் பல மடங்கு.

ஸ்வீடன்ல விபெஹோம்ங்கற இடத்துல 1940கள் கடைசிலேருந்து 50கள் ஆரம்பம் வரைக்கும் ஒரு சோதனை நடந்துச்சு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தவங்க தங்கியிருந்த ஆஸ்பத்திரியில, அவங்க சம்மதம் இல்லாமலே ஒட்டுற மிட்டாயெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. செஞ்ச விதம் ரொம்பத் தப்பு, இன்னைக்கு யாரும் அதை ஒத்துக்க மாட்டாங்க. ஆனா அந்த மனுஷங்க பட்ட கஷ்டத்துலேருந்து உலகத்துக்குத் தெரிஞ்சது இதுதான், சாப்பாட்டோட சேத்து சர்க்கரை போகும்போது சொத்தை பெருசா ஏறல, சாப்பாட்டுக்கு நடுவுல அடிக்கடி, வாயில ரொம்ப நேரம் தங்கற மாதிரி போகும்போது எக்கச்சக்கமா ஏறுச்சு.

இது போக இன்னொரு சேதம் தனியா இருக்கு. கோலா மாதிரி டிரிங்க்ஸோட பிஎச்சே சுமார் 2.5தான், பழ ஜூஸும் பெரும்பாலும் 4க்குக் கீழ. அப்படின்னா பாக்டீரியாவோட உதவி எதுவும் இல்லாமலே டிரிங்க்ல இருக்கற ஆசிட்டே நேரா எனாமலை அரிக்கும். "சர்க்கரை இல்லாத டயட் கோலா குடுத்தா சரியாயிடுமா"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுலயே இருக்கு, சொத்தைக்கான ரிஸ்க் குறையும், ஆனா அரிப்பு அப்படியேதான் இருக்கும்.

இனிமே என்ன செய்யணும்னு வரிசையா சொல்றேன். எல்லாத்தையும் ஒரே வாரத்துல செய்ய வேண்டாம், பலன் அதிகம் இருக்கறதை முன்னாடி வச்சிருக்கேன்.

முதல் வேலை: உதட்டைத் தூக்கிப் பாருங்க

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இப்ப நிலைமை எப்படி இருக்குன்னு தெரியணும். சின்னக் குழந்தைன்னா ரெண்டு பேரு எதிரெதிரா நாற்காலி போட்டு முட்டியோட முட்டி இடிக்கற மாதிரி உக்காருங்க, குழந்தையோட கால் ஒருத்தர் இடுப்பைச் சுத்தி இருக்கட்டும், தலையை மெதுவா இன்னொருத்தர் மடியில சாச்சுடுங்க. குழந்தைக்கு ஒருத்தர் முகம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால அவ்வளவா பயப்படாது, அழுதாலும் பரவாயில்ல, வாய் நல்லாத் திறக்கும். ஃபோன் டார்ச் போட்டுக்கோங்க, கண்ணுல அடிக்காம.

மேல் உதட்டைத் தூக்கி, முன்னாடி இருக்கற நாலு பல்லையும் ஈறை ஒட்டின இடத்துல பாருங்க. சுத்தமான துணியால எச்சிலை ஒத்தி எடுத்துட்டுப் பாக்கணும், இது முக்கியம், ஏன்னா ஈரமா இருக்கும்போது ஆரம்பக் கறை தெரியாது, காஞ்சதும்தான் தெரியும். சாக்பீஸ் பூசின மாதிரி பளபளப்பே இல்லாத ஒரு வெள்ளைக் கோடு ஈறு ஓரமா ஓடுச்சுன்னா அதுதான் சொத்தையோட முதல் அடையாளம். பிரஷ் போட்டா போற வெள்ளை அழுக்கு வேற, இது தேச்சாலும் போகாது. அந்த நிலைமையில கண்டுபிடிச்சுட்டா டிரில்லே இல்லாம திருப்பிட முடியும், சர்க்கரை வர்ற தடவையைக் குறைச்சு ஃப்ளோரைடு குடுத்தா தாது திரும்ப ஏறி அந்த இடம் கெட்டியாகும். மஞ்சளாவோ காப்பிக் கலர்லயோ இருந்தாலோ, ஓரம் உடைஞ்சிருந்தாலோ சொத்தை அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டணும்.

கீழ் முன்பல்லு சுத்தமா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. பாட்டில் குடிக்கும்போது நாக்கு அந்தப் பல்லை மூடிக்கும், எச்சில் சுரக்கற இடமும் நாக்குக்கு அடியிலயே இருக்கு, அதனால அது தப்பிச்சுடும், அடி மொத்தமும் மேல் பல்லுக்குத்தான். பின்னாடி கடவாப்பல்லோட பள்ளத்துல கருப்பா ஏதாவது இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க. மாசம் ஒரு தடவை இப்படிப் பாத்தா போதும்.

ரெண்டாவது: மூணு நாள் குறிச்சு வைங்க, மில்லி கணக்கு வேண்டாம், மணி கணக்கு

ஒரு பேப்பரை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி, தண்ணியைத் தவிர வாய்க்குள்ள போற ஒவ்வொரு டிரிங்குக்கும் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னு எழுதுங்க. வீட்ல யார் குடுத்தாலும் எழுதணும். குழந்தையை வேற யாராவது பாத்துக்கறாங்கன்னா அவங்ககிட்டயும் சொல்லுங்க, குத்தம் கண்டுபிடிக்க இல்ல, கணக்கு தெரியத்தான்.

நிறைய பேர் விட்டுடறது எதுன்னு சொல்றேன். பால்ல போடற சர்க்கரை, பால்ல கலக்கற சத்து பவுடர், பெரியவங்க கப்புலேருந்து குழந்தை எடுத்துக்கற ரெண்டு வாய் டீ காபி, பாட்டில் நிப்பிள்லயோ சூப்பான்லயோ தடவற தேன், அப்புறம் மருந்து சிரப். (தேனைப் பத்தி ஒண்ணு, ஒரு வயசுக்கு முன்னாடி தேன் எந்த ரூபத்துலயும் கூடாது, பல்லுக்காக மட்டும் இல்ல, பாட்டுலிசம்ங்கற ஆபத்தான விஷத்தன்மை வரலாம்.) ஆஸ்துமா, வலிப்பு மாதிரி விஷயத்துக்காக தினமும் சிரப் குடிக்கற குழந்தைன்னா சர்க்கரை இல்லாத வகை இருக்கான்னு டாக்டர்கிட்டயோ மருந்துக்கடையிலயோ கேளுங்க, பல மருந்துக்கு இருக்கு. மருந்தை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

மூணாவது நாள் ராத்திரி அந்தப் பேப்பரை எடுத்து ஒவ்வொரு வேளைக்கும் முடிஞ்ச நேரத்தோட இன்னொரு அரை மணி நேரம் சேத்துப் பாருங்க. உதாரணத்துக்கு மூணு மணிக்கு ஒரு ஜூஸ் டப்பா, நாலரை வரைக்கும் அது ஓடுது, அஞ்சு மணிக்கு சர்க்கரை போட்ட பால், ஆறு மணிக்கு விளையாடி வந்ததும் ஏதோ ஒரு கூல் டிரிங்க் ரெண்டு வாய், எட்டரைக்குப் படுக்கும்போது பாட்டில். இதுல மத்தியானம் மூணு மணிலேருந்து தூங்கற வரைக்கும் பல்லுக்கு சுதந்திரமா கிடைச்ச நேரம் எவ்வளவுன்னு பாத்தா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் தேறும், ராத்திரி கதை வேற. மொத்தமா பாத்தா டிரிங்க் ஒண்ணும் பெரிய அளவு கிடையாது, யாரும் "இவ்வளவு குடுக்கறீங்களா"ன்னு கேக்கவே மாட்டாங்க. அதனாலதான் மணி கணக்கு எழுதச் சொல்றேன்.

மூணாவது: ராத்திரியை சரி பண்ணுங்க, மத்தது அப்புறம்

ஒரே ஒரு விஷயம்தான் மாத்த முடியும்னு இருந்தா இதை மாத்துங்க. தூங்கும்போது எச்சில் சுரக்கறது ரொம்பக் குறைஞ்சுடும், முழுங்கறதும் குறைஞ்சுடும். பாட்டிலோட தூங்கிப்போற குழந்தை வாயில கடைசி வாய் பாலோ ஜூஸோ மேல் பல்லைச் சுத்தி அப்படியே தேங்கி நிக்கும், அதைக் கழுவிவிட ஆளே இல்ல. பகல்ல அரை மணி நேரத்துல சரியாகறது ராத்திரி எத்தனையோ மணி நேரம் இழுக்கும். சின்னக் குழந்தைங்களுக்கு மேல் முன்பல்லு நாலும் ஒண்ணா கரைஞ்சு போறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான் இருக்கும்.

ரூல் சிம்பிள்: ராத்திரி பிரஷ் பண்ணினதுக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் கிடையாது. பாலைக் குடிச்சு முடிச்சுட்டு, அப்புறம் பிரஷ், அப்புறம் கதை சொல்லி தூங்க வைக்கறதுன்னு வரிசையை மாத்துங்க.

ஏற்கனவே பாட்டில் இல்லாம தூங்காத குழந்தைன்னா என்ன பண்றது? ஒரே நாள்ல பிடுங்கினா வீடே தூங்காது, அது எனக்கும் புரியுது. முதல்ல அந்தப் பால்ல சர்க்கரை, பவுடர் எல்லாத்தையும் நாலஞ்சு நாள் இடைவெளி விட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இல்லாம பண்ணுங்க. அடுத்து பாலோட அளவைக் குறைச்சு தண்ணியைக் கூட்டிக்கிட்டே வாங்க, ரெண்டு வாரத்துல வெறும் தண்ணிக்கு வந்துடலாம், நிறைய குழந்தைங்க வெறும் தண்ணின்னு ஆனதும் தானாவே ஆசை விட்டுடும். ஆனா கவனிங்க, இந்தத் தண்ணி கலக்கற வேலை ஒரு வயசு தாண்டி, பகல்ல நல்லா சாப்பிடற குழந்தைக்கு மட்டும்தான். ஒரு வயசுக்குள்ள இருக்கற கைக்குழந்தைக்குக் குடுக்கற ஃபார்முலா பால்ல ஒருநாளும் அதிகமா தண்ணி கலக்கக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

தாய்ப்பால் குடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு பயந்து நிறுத்திடாதீங்க, தாய்ப்பால் குடுங்க. பல்லு முளைச்சதுக்கப்புறம் படுக்கறதுக்கு முன்னாடி பல்லைத் தேச்சு விடுங்க, ஒரு வயசுக்கு மேலயும் ராத்திரி பூரா அடிக்கடி குடிக்கற குழந்தைன்னா மாசாமாசம் உதட்டைத் தூக்கிப் பாக்கறதை விடாதீங்க.

நாலாவது: பாட்டிலும் சிப்பரும் போய் கப்பு வரணும்

ஆறு மாசம் ஆனதும் சின்ன கப்புல ஒரு ரெண்டு வாய் தண்ணி குடுத்துப் பழக்கலாம், மேல எல்லாம் கொட்டிக்கும், கொட்டட்டும். ஒரு வயசுலேருந்து ஒன்றரை வயசுக்குள்ள பாட்டிலை முழுசா நிறுத்திடறதுதான் குறி. சிந்தாத வால்வு வச்ச சிப்பர் பெரியவங்களுக்கு சௌகரியம், ஆனா குழந்தை அதை உறிஞ்சித்தான் குடிக்கும், கிட்டத்தட்ட பாட்டில் மாதிரியேதான், அதுவும் எங்க போனாலும் கூடவே தூக்கிட்டுப் போகலாம். சிப்பர்ல தண்ணி மட்டும்னு வச்சுக்கிட்டா பிரச்சனையே இல்ல, நாள் பூரா கையில இருக்கட்டும். ஸ்ட்ரா போட்டுக் குடிச்சா முன்பல்லுல படறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், அதை ஒரு பாதுகாப்பா நம்ப வேண்டாம்.

அஞ்சாவது: லேபிளைத் திருப்பிப் படிங்க

முன்பக்கம் இருக்கற பழம், மாடு, வளர்ற குழந்தை படமெல்லாம் விட்டுடுங்க. பின்பக்கம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரைன்னு பாருங்க, அப்புறம் பாட்டில் எத்தனை மில்லின்னு பாருங்க. சில பாட்டில்ல ஒரு பரிமாறல் அளவுக்குன்னு சின்னக் கணக்கு போட்டிருப்பாங்க, பாட்டிலுக்குள்ள ரெண்டு மூணு பரிமாறல் இருக்கும், குழந்தை முழு பாட்டிலையும்தானே குடிக்கப் போகுது.

4 கிராம் சர்க்கரைன்னா சுமாரா ஒரு டீஸ்பூன். சாதாரண கோலாவுல 100 மில்லிக்கு 10லேருந்து 11 கிராம் வரைக்கும் இருக்கும், 330 மில்லி டின்னுன்னா கிட்டத்தட்ட 35 கிராம், ஒன்பது ஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னதைப் பக்கத்துல வைங்க: சேத்த சர்க்கரையும் தேன், ஜூஸ்ல இருக்கற சர்க்கரையும் சேந்து ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லது. நாலஞ்சு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,200, 1,400 கலோரின்னு வச்சுக்கிட்டா அந்த 5 சதவீதங்கறது 15லேருந்து 17 கிராம், நாலு ஸ்பூன். அதாவது அரை டின்லயே அன்னைக்குக் கோட்டா முடிஞ்சு போச்சு.

பிரிட்டன்ல 2018 ஏப்ரல்லேருந்து கூல் டிரிங்க்ஸுக்கு சர்க்கரை வரி போட்டாங்க, 100 மில்லிக்கு 5 கிராம் தொட்டா ஒரு வரி, 8 கிராம் தொட்டா அதை விட அதிகம்னு அப்ப வச்சாங்க. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் அந்த ரெண்டு நம்பரையும் மனசுல வச்சுக்கலாம், எது ரொம்ப மோசம்னு தரம் பிரிக்க சுலபமா இருக்கும். ஆனா 5க்குக் கீழ இருக்கறது பல்லுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம் இல்ல, பாக்டீரியாவுக்கு கொஞ்சம் சர்க்கரையே போதும்.

சர்க்கரைக்கு லேபிள்ல ஏகப்பட்ட பேரு. சுக்ரோஸ், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ், கார்ன் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட், இதெல்லாமே பல்லுக்கு சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின்னு போட்டிருந்தா அது சர்க்கரைக் கணக்குல வராம இருக்கலாம், ஆனா வாயில அதுவும் உடைஞ்சு ஆசிட் ஆகும். தேனும் வெல்லமும் இயற்கைதானேன்னு தோணும், பாக்டீரியாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

பழ ஜூஸ்லதான் நல்ல அப்பா அம்மாவே மாட்டிக்கறாங்க, அதனால அதைத் தனியா சொல்றேன். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை"ன்னு போட்டிருக்கற ஜூஸ்லயும் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் பழத்தோட சர்க்கரையே இருக்கும், வீட்ல பிழிஞ்சாலும் அதேதான். முழுப் பழமா கடிச்சு மென்னா சர்க்கரை நார்க்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், மெல்லும்போது எச்சிலும் நல்லா ஊறும், ஜூஸா பிழிஞ்சா அந்தப் பாதுகாப்பு போயிடுது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல சொன்ன அளவு இது: ஒரு வயசு ஆகற வரைக்கும் ஜூஸே வேண்டாம், ஒண்ணுலேருந்து மூணு வயசுக்கு நாளைக்கு அதிகபட்சம் 120 மில்லி, நாலுலேருந்து ஆறுக்கு 120லேருந்து 180, அதுக்கு மேல 240. இது அதிகபட்சம், தினமும் குடுத்தே ஆகணும்னு இல்ல, பழம் சாப்பிடற குழந்தைக்கு ஜூஸ் தேவையே இல்ல.

விளையாட்டு வீரர் படம் போட்ட ஸ்போர்ட்ஸ் டிரிங்க்ல சர்க்கரையும் இருக்கு, ஆசிட்டும் இருக்கு, சாதாரணமா ஓடி விளையாடற குழந்தைக்குத் தண்ணி போதும். ஆனா வயித்துப்போக்கு வரும்போது டாக்டர் சொல்ற ஓஆர்எஸ் கரைசல் மருந்து, அதுல சர்க்கரை இருக்கேன்னு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

ஆறாவது: நிறுத்தறதுக்கு முன்னாடி நேரத்தை மாத்துங்க

இனிப்புக்குப் பழகின குழந்தைகிட்ட "இனிமே கிடையாது"ன்னு சொன்னா சண்டைதான் மிஞ்சும். முதல் ரெண்டு வாரம் என்ன குடுக்கறீங்களோ அதையே குடுங்க, ஆனா சாப்பாட்டோட மட்டும், உக்காந்து, கப்புல, பத்து நிமிஷத்துக்குள்ள முடியணும், முடிஞ்சதும் ரெண்டு வாய் தண்ணி. சாப்பிடும்போது எச்சில் நல்லா சுரந்துக்கிட்டு இருக்கும், அதுலயே பாதி வேலை நடந்துடும். சாப்பாட்டுக்கு நடுவுல தாகம்னா தண்ணி, பசின்னா சாப்பாடு, இனிப்பு போடாத பால் குடுத்தாலும் சரி. பால்லயும் லாக்டோஸ்னு சர்க்கரை இருக்கு, ஆனா அது மத்த சர்க்கரை அளவுக்குக் கெடுதல் பண்ணாது, கால்சியமும் இருக்கு, பகல்ல கப்புல குடிச்சா பயப்பட ஒண்ணும் இல்ல.

இது படிஞ்சதும் அளவைக் குறைக்க ஆரம்பிங்க. பால்ல ரெண்டு ஸ்பூன் போட்டுக்கிட்டு இருந்தா வாரத்துக்கு அரை ஸ்பூன்னு இறக்குங்க, குழந்தைக்கு மாத்தம் தெரியக்கூட தெரியாது, நாக்கு அந்த அளவுக்குப் பழகிடும். ஜூஸை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு கேக்கும்போதெல்லாம் வேண்டாம்னு சொல்றதை விட வாங்காமலே இருக்கறது எல்லாருக்கும் நிம்மதி. பெரியவங்க கோலா குடிச்சுக்கிட்டே குழந்தைக்குத் தண்ணிய நீட்டினா அது எடுபடாது, ஒரு வயசுக் குழந்தைக்கே அது புரியும்.

அழுதா ஜூஸ், ஊசி போட்டதுக்கு ஜூஸ், சமத்தா இருந்தா கோலான்னு பரிசா குடுக்கற பழக்கம் இருந்தா அதை உடனே விட்டுடுங்க, இது ஒண்ணு மட்டும் மெதுவா பண்ண வேண்டாம்.

தாத்தா பாட்டி, சித்தி, மாமா ஆசையா குடுக்கும்போது என்ன பண்றதுன்னு நிறைய பேர் தவிக்கறாங்க. "குடுக்காதீங்க"ன்னு சொன்னா மனசு கஷ்டப்படும். "குடுங்கம்மா, ஆனா சாப்பிடும்போது குடுங்க, எட்டு மணிக்கு மேல வேண்டாம்"னு சொன்னா அவங்களும் கேட்டுப்பாங்க, பல்லுக்கும் அதுதான் முக்கியமே. முடிஞ்சா உதட்டைத் தூக்கி அந்த வெள்ளைக் கோட்டை அவங்க கண்ணாலயே பாக்க வைங்க, அதுக்கப்புறம் அவங்களே உங்களை விட கண்டிப்பா இருப்பாங்க.

ஏழாவது: பிரஷ்

சுருக்கமா சொல்றேன். முதல் பல்லு வந்த அன்னையிலேருந்து பிரஷ், காலையில ஒரு தடவை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரிதான் முக்கியம். பேஸ்ட்ல ஃப்ளோரைடு இருக்கணும், 1,000 பிபிஎம் இல்லன்னா அதுக்குக் கொஞ்சம் மேல, டியூப்லயே போட்டிருக்கும். மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, மூணுலேருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு, விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் முழுக்க வைக்காதீங்க. தேச்சதும் துப்பினா போதும், வாய் நிறைய தண்ணி ஊத்திக் கொப்பளிச்சா ஃப்ளோரைடும் போயிடும். குடிக்கற தண்ணியிலயே ஃப்ளோரைடு அதிகமா இருக்கற ஏரியான்னா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு பேஸ்ட்டை முடிவு பண்ணுங்க.

ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேச்சு விடணும். குழந்தை ஆசைக்கு அது ஒரு தடவை தேய்க்கட்டும், பின்னாடி நின்னு தலையை உங்க மேல சாச்சுக்கிட்டு நீங்க ஒரு தடவை தேச்சுடுங்க. ஜூஸோ கோலாவோ குடிச்ச உடனே மட்டும் பிரஷ் போடாதீங்க, ஆசிட்ல இளகியிருக்கற எனாமலை பிரஷ் சுரண்டிடும், தண்ணி குடுத்துட்டு அரை மணியாவது விட்டுத் தேய்ங்க.

எட்டாவது: பல் டாக்டர், வலி வர்றதுக்கு முன்னாடி

முதல் பல்லு வந்து ஆறு மாசத்துக்குள்ள, அதிகபட்சம் முதல் பிறந்தநாளுக்குள்ள ஒரு தடவை காட்டிடுங்க. ஒரு வயசுக் குழந்தைக்கு எதுக்கு பல் டாக்டர்னு சிரிப்பாங்க, பரவாயில்ல. எதுவும் இல்லாதப்ப போன குழந்தைக்கு அந்த நாற்காலி பழகிடும், வலியோட முதல் தடவை போற குழந்தைக்கு ஆயுசுக்கும் பயம்தான். போகும்போது அந்த மூணு நாள் பேப்பரை எடுத்துட்டுப் போங்க, "இனிப்பு சாப்பிடுவானா"ன்னு பொதுவா கேட்டு "கொஞ்சம்"னு பதில் சொல்றதை விட அது டாக்டருக்கு ரொம்ப உதவும்.

அங்க கேக்க வேண்டியது சிலது இருக்கு. வெள்ளைக் கோடு இருந்தா ஃப்ளோரைடு வார்னிஷ் போடலாமான்னு கேளுங்க, பல்லு மேல பிரஷ்ஷால தடவற விஷயம்தான், ஒரு நிமிஷ வேலை, வலி கிடையாது, ரிஸ்க்கைப் பொறுத்து மூணு மாசத்துக்கோ ஆறு மாசத்துக்கோ ஒரு தடவை போடுவாங்க. ஏற்கனவே குழி விழுந்து, குழந்தை டிரில்லுக்கு ஒத்துழைக்காத வயசுன்னா சில்வர் டயமின் ஃப்ளோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு, தடவினா சொத்தை அங்கயே நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா சொத்தையான இடம் நிரந்தரமா கருப்பாயிடும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

ஆறு வயசு வாக்குல கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி ஒரு பெரிய கடவாப்பல்லு முளைக்கும். எந்தப் பல்லும் விழாம புதுசா வர்றதால நிறைய பேர் அதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடறாங்க, ஆனா அது நிரந்தரப் பல்லு, அதுக்கப்புறம் அந்த இடத்துல வேற பல்லு வராது. அதோட மேல்பக்கம் பள்ளம் பள்ளமா இருக்கும், ஸ்வீட் டிரிங்க் தேங்கறதுக்கு தோதான இடம். அது முழுசா வெளிய வந்ததும் சீலண்ட் போடலாமான்னு கேளுங்க, அந்தப் பள்ளத்தை அடைச்சு விடற பூச்சு அது.

ராத்திரியில வலியில எழுந்து அழுதாலோ, ஈறுல பரு மாதிரி சீழ் கட்டி வந்தாலோ, ஒரு பக்கமாவே மென்னாலோ அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. பல்லு மேல மாத்திரையைப் பொடிச்சு வைக்கறது, ஆஸ்பிரின் குடுக்கறது ரெண்டும் கூடாது, ஒண்ணு ஈறைப் புண்ணாக்கிடும், இன்னொண்ணு குழந்தைங்களுக்கே ஆபத்து. கன்னம் வீங்கி காய்ச்சலும் வந்துடுச்சுன்னா அது பரவற இன்ஃபெக்‌ஷன், அன்னைக்கே காட்டணும், வீக்கம் கண்ணு பக்கம் ஏறினாலோ முழுங்கவோ மூச்சு விடவோ குழந்தை கஷ்டப்பட்டாலோ பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க.